மாமாவுக்கு பேஸ்மேக்கர், அம்மாவுக்கு அப்லேஷன்: புதுக் கருவி வரும்வரை காத்திருக்கலாமா?

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால், உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 74 வயது மாமா இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறார். முழு ஹார்ட் பிளாக், பேஸ்மேக்கர் வைத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். 62 வயது அம்மாவுக்கு சர்க்கரையும் பிபியும் உண்டு. அவர் கையில் இருந்த ஸ்மார்ட்வாட்ச் எச்சரிக்கை காட்ட, ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேல் அறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு, என்று உறுதியாகியிருக்கிறது. ஆறு மாதமாக வந்து வந்து போகிறது. நீங்களோ வயர் இல்லாத பேஸ்மேக்கர், சூடு வைக்காத அப்லேஷன், அரிசி மணியைவிடச் சிறிய கருவி என்று வீடியோ வீடியோவாகப் பார்த்துவிட்டு, ஓரிரு வருடம் பொறுத்தால் இன்னும் நல்லது வருமே என்று யோசிக்கிறீர்கள்.

மாமா காத்திருக்கவே கூடாது. அம்மா அப்லேஷனுக்கு, அதாவது தவறான மின்துடிப்பு பரவாதபடி இதயத் தசையின் சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சைக்கு, அவசரப்பட வேண்டாம், ஆனால் வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை பற்றி மட்டும் இந்த வாரமே டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள். இதயத் துடிப்புக் கோளாறுகளுக்கான கேத் லேபில் (ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குச் சிகிச்சை செய்யும் அறை) பல வருடமாக வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஏன் என்பதை இனி விவரமாகப் பார்க்கலாம்.

மாமாவிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். மேல் அறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழ் அறைக்கு இறங்கவே இல்லை என்றால் அது முழு ஹார்ட் பிளாக். கீழ் அறை தானாகவே நிமிடத்துக்கு 30, 35 தடவை துடித்துச் சமாளிக்கும். அந்தச் சமாளிப்பு எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நின்ற சில நொடிகளில் மயக்கம், இன்னும் சற்று நீண்டால் உயிருக்கே ஆபத்து. இதற்கு மாத்திரை கிடையாது.

உலகில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். 1958 அக்டோபர் 8, ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனை. அறுவை சிகிச்சை செய்தவர் ஓகே சென்னிங், கருவியைச் செய்தவர் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து எபாக்ஸி பிசினில் வார்த்த கருவி அது. சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டது, மாற்று ஒன்றை வைத்தார்கள். அப்போது லார்சனுக்கு 43 வயது, ஒரே நாளில் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அதன் பிறகு வாழ்நாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு, 2001-இல் 86 வயதில்தான் இறந்தார். அவருக்குக் கருவி செய்து கொடுத்த எல்ம்க்விஸ்டும் சென்னிங்கும் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார்கள். அடுத்து வந்த ஒவ்வொரு முன்னேற்றமும் அவருக்குக் கிடைத்தது என்றால், முதலில் கிடைத்ததை அவர் ஏற்றுக்கொண்டதால்தான். மாமாவுக்கும் அப்படித்தான். இன்று வைக்கும் பேஸ்மேக்கர் பேட்டரி எட்டு, பத்து வருடம் ஓடும். அது தீரும்போது அன்றைக்குச் சந்தையில் நல்லது எதுவோ அதை வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் இப்போது எந்த வகை வைப்பது? நீங்கள் வயர் இல்லாததைக் கேட்டீர்கள். நான் உங்கள் கவனத்தை வேறொன்றின் பக்கம் திருப்பப் போகிறேன்.

வழக்கமான முறையில், தோள்பட்டைக்குக் கீழே தோலுக்கடியில் பேஸ்மேக்கரை வைத்து, ரத்தக் குழாய் வழியாக வயரை இறக்கி, வலது கீழ் அறையின் தசையில் முனையைப் பதிப்பார்கள். துடிப்பு வந்துவிடும், உயிருக்குப் பாதுகாப்பு. ஆனால் மின்சாரம் இதயத்தின் இயற்கையான பாதையில் போகாது. நெடுஞ்சாலையை விட்டுவிட்டு சந்து சந்தாகப் புகுந்து போவது போல, தசையிலிருந்து தசைக்கு மெல்ல நகரும். வலது பக்கம் முதலில் சுருங்கும், இடது பக்கம் தாமதமாகச் சுருங்கும். மாமாவைப் போல கிட்டத்தட்ட ஒவ்வொரு துடிப்புக்கும் பேஸ்மேக்கரை நம்பியிருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு, சில வருடங்களில் இதயம் ரத்தத்தை பம்ப் செய்யும் வலு குறைந்துவிடுகிறது. பிளாக்குக்கு வைத்த கருவியே மெல்ல ஹார்ட் ஃபெயிலியருக்குக் காரணமாகிவிடுவது எங்களுக்கு நெடுநாளாகவே இருந்துவரும் மனக்குறை.

இதற்கு வந்த விடைதான் இடது பண்டில் பேசிங். பேசிங் என்றால் கருவியின் மின்சாரத்தால் இதயத்தைத் துடிக்க வைப்பது. சீனாவின் வென்ஜோ நகரைச் சேர்ந்த வெய்ஜியான் ஹுவாங்கின் குழு 2017-இல் இதை வெளியிட்டது. வயரை வலது அறையின் தசையில் மேலோட்டமாகப் பதிப்பதற்குப் பதில், இரண்டு கீழ் அறைகளுக்கும் நடுவே உள்ள சுவருக்குள் திருகு போலச் செலுத்தி, இடது பக்கத்தில் ஓடும் இயற்கையான மின்பாதையைப் பிடிக்கிறார்கள். அங்கிருந்து மின்சாரம் கொடுத்தால் இதயம் தன் சொந்தப் பாதையிலேயே சுருங்குகிறது.

லேபில் இதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது தனி அனுபவம். வளைந்த உறை ஒன்றின் வழியாக வயரைச் சுவருக்குச் செங்குத்தாக நிறுத்துவார்கள். சரியான இடம் என்றால், அங்கே பேஸ் செய்யும்போது ஈ.சி.ஜி.யின் வி1 லீடில் (நெஞ்சில் ஒட்டும் இணைப்புகளில் ஒன்று) ஆங்கில எழுத்து 'டபிள்யூ' போல ஒரு வடிவம் தெரியும். அப்புறம் டாக்டர் இரண்டு கையாலும் வயரைச் சுழற்றுவார். வயர் உள்ளே போகப் போக அந்த 'டபிள்யூ'வின் நடுமேடு வலப்பக்கம் நகர்ந்து, கடைசியில் ஒரு சிறிய மேடாக எழும்பி நிற்கும். அதுதான் இடது பாதை பிடிபட்டதற்கான முதல் அடையாளம். அந்த இடத்தில் சுழற்றுவதை நிறுத்தத் தெரிய வேண்டும். இன்னும் இரண்டு சுற்று அதிகமானால் முனை சுவரைத் தாண்டி இடது அறைக்குள் எட்டிப் பார்த்துவிடும். மின்தடை சட்டென்று விழுவதை வைத்து அதைக் கண்டுபிடித்து, வெளியே எடுத்து, வேறு இடத்தில் மறுபடி தொடங்குவார்கள்.

எனக்கு இதில் பிடித்த விஷயமே இதற்குத் தனியாக விலை உயர்ந்த கருவி வேண்டாம் என்பதுதான். வழக்கமான பேஸ்மேக்கர், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள வயர், அதோடு ஒரு வளைந்த உறை. மிச்சமெல்லாம் டாக்டரின் கை. இந்தத் துறையில் தமிழர்களின் பங்கும் பெரிது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கும் டாக்டர் புகழேந்தி விஜயராமன் இயற்கைப் பாதை பேசிங்கில் உலக அளவில் முன்னணியில் இருப்பவர். மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டர் சண்முகசுந்தரம் பொன்னுசாமி இடது பண்டில் பேசிங் பற்றித் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டு வருகிறார். இதற்காக வெளிநாடு போக வேண்டியதில்லை.

குறையும் உண்டு. ஐரோப்பாவில் 2,533 பேரை வைத்து 2022-இல் வெளியான மெலோஸ் ஆய்வில், மெதுவான துடிப்புக்காக இந்த முறையை முயன்றவர்களில் சுமார் 92 சதவீதம் பேருக்கு வெற்றி கிடைத்தது. வயர் சுவரைத் துளைத்துவிடுவது, பின்னால் நகர்ந்துவிடுவது போன்ற சிக்கல்களும் அதில் பதிவாகியிருக்கின்றன. நீண்டகாலப் பலனைச் சோதிக்கும் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன. ஆனாலும் நாள் முழுக்க பேசிங் தேவைப்படும் நோயாளிக்கு, பழக்கமான கை கிடைத்தால் இதைத்தான் கேளுங்கள் என்பேன். "ஐயா, நீங்கள் இடது பண்டில் பேசிங் செய்வதுண்டா, எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று டாக்டரிடமே நேராகக் கேட்கலாம். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, வயர் இல்லாத பேஸ்மேக்கர். மைக்ரா என்ற கருவி 2016-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது. 26 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், எடை இரண்டு கிராம்தான். தொடை இடுக்கின் ரத்தக் குழாய் வழியாக ஏற்றி வலது கீழ் அறையில் விட்டால், நான்கு சின்னக் கொக்கிகள் விரிந்து தசையைக் கவ்விக்கொள்ளும். கவ்வியிருக்கிறதா என்று மெல்ல இழுத்துப் பார்த்து, எக்ஸ்ரே திரையில் குறைந்தது இரண்டு கொக்கிகளாவது வளைவதைக் கண்ட பிறகுதான் கருவியை விடுவிப்பார்கள். நெஞ்சில் வெட்டுக் காயம் இல்லை, தோலுக்கடியில் சீழ் பிடிக்கும் பிரச்சினை இல்லை, வருடங்கள் போனால் முறிந்துபோகும் வயர் இல்லை. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும், ஏற்கெனவே பேஸ்மேக்கர் பாக்கெட்டில் தொற்று வந்து அவதிப்பட்டவர்களுக்கும், தோள் பக்க ரத்தக் குழாய் அடைத்துப் போனவர்களுக்கும் இது உண்மையிலேயே வரப்பிரசாதம்.

ஆனால் மாமாவின் மேல் அறை நன்றாகத்தான் வேலை செய்கிறது. மேலும் கீழும் ஒத்துப் போகும்படி துடிக்க வைக்க வேண்டும். 2020-இல் வந்த மைக்ரா ஏ.வி., மேல் அறை சுருங்கும் அசைவை உணர்ந்து கீழ் அறையைத் துடிக்க வைக்கிறது. நன்றாக நடக்கும்போது, துடிப்பு வேகமாகும்போது, அந்த ஒத்திசைவு கொஞ்சம் பிசகும். 2023-இல் அனுமதி பெற்ற அவெய்ர் டி.ஆர். இரண்டு கருவிகள் கொண்டது. மேலே ஒன்று, கீழே ஒன்று. உடலின் திசுக்களும் ரத்தமும் கடத்தும் மின்சமிக்ஞை மூலமே ஒவ்வொரு துடிப்புக்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அற்புதமான பொறியியல்தான். ஆனால் விலை வழக்கமான பேஸ்மேக்கரைப் போலப் பல மடங்கு. அதோடு இவை வலது அறையிலிருந்தே துடிக்க வைப்பதால், நான் மேலே சொன்ன பம்ப் பலவீனக் கவலை தீர்ந்துவிடுவதில்லை. அதனால்தான் மாமாவுக்கு வயர் உள்ள இடது பண்டில் முறை பொருத்தம் என்று நினைக்கிறேன். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாமல் போகுமே என்ற பயம் வேண்டாம். இப்போது வைக்கும் பெரும்பாலானவை எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவை. வாங்கும் முன் அதை உறுதி செய்துகொண்டால் போதும்.

அந்த அரிசி மணிக் கருவி 2025-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ், இகோர் எஃபிமோவ் குழுவினர் வெளியிட்டது. 1.8 மி.மீ. அகலம், 3.5 மி.மீ. நீளம், 1 மி.மீ. தடிமன். உடலின் திரவத்தோடு சேர்ந்து தானே மின்சாரம் உண்டாக்குகிறது. நெஞ்சின் மேல் ஒட்டும் பட்டை ஒன்று ஒளித்துடிப்பு மூலம் அதை இயக்குகிறது. வேலை முடிந்ததும் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும். இது தற்காலிகத் தேவைக்கானது, முக்கியமாக இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட பச்சிளங்குழந்தைகளுக்கு. இப்போது அவர்களுக்கு வயர் வைத்து, பிறகு இழுத்து எடுக்கிறார்கள். எடுக்கும்போது ரத்தக்கசிவு ஏற்படலாம். நிலவில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங் 2012-இல் பைபாஸ் சிகிச்சைக்குப் பிறகு இறந்ததற்கு, அப்படி வயரை எடுத்தபின் வந்த ரத்தக்கசிவே காரணம். இந்தக் கருவியை விலங்குகளிலும், தானமாகப் பெற்ற மனித இதயங்களிலும் சோதித்து வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் மாமாவுக்கு வேண்டியது நிரந்தர பேஸ்மேக்கர் என்பதால், இது அவருக்கான பதில் அல்ல.

இனி அம்மா. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனை இனி ஏ.எஃப். என்கிறேன். இதில் மேல் அறைகள் சீராகச் சுருங்காமல் துடிதுடித்துக்கொண்டே இருக்கும். அங்கே ரத்தம் தேங்கி, உறைந்து, மூளைக்குப் போனால் பக்கவாதம். அம்மாவுக்கு சர்க்கரையும் பிபியும் சேர்ந்திருப்பதால் அந்த ஆபத்து கூடுதல். அதனால்தான் மாத்திரையை முதலில் சொன்னேன். ஆஸ்பிரின் சாப்பிடுகிறாரே, போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. 2011-இல் வந்த அவெர்ரோஸ் ஆய்வில், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களுக்கு வருடத்துக்கு 3.7 சதவீதம் பக்கவாதமோ வேறு உறுப்பில் ரத்தக்கட்டி அடைப்போ வந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் புது மாத்திரைகளில் ஒன்றான அபிக்சபான் சாப்பிட்டவர்களுக்கு 1.6 சதவீதம்தான். பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு எச்சரிக்கை. சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கிப் போனவர்கள் நம்மிடையே இன்னும் நிறையப் பேர் உண்டு. அவர்களுக்கு ஏ.எஃப். வந்தால் அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற புது மாத்திரைகள் ஏற்றவை அல்ல. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவின் 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-இல் வெளியானது. ருமாட்டிக் நோயாளிகளிடம் ரிவரோக்சபானைவிட, வார்ஃபரின் போன்ற பழைய மாத்திரைகள் சாப்பிட்டவர்களிடையே இறப்பு குறைவு. ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையை மாதாமாதம் செய்வது தொல்லைதான், ஆனால் இந்த இடத்தில் பழையதுதான் சிறந்தது. ஆகவே அம்மாவுக்கு எக்கோ எடுத்து வால்வைப் பார்த்துவிட்டார்களா என்பதை உறுதி செய்யுங்கள்.

அடுத்து அப்லேஷன். பிரான்சின் போர்டோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழு 1998-இல் காட்டிய உண்மையிலிருந்துதான் இது வளர்ந்தது. விட்டு விட்டு வரும் ஏ.எஃப்.ஐத் தூண்டும் தவறான மின்துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேல் அறைக்கு வரும் சிரைகளுக்குள் பிறக்கின்றன என்று கண்டார்கள். அவர்கள் பார்த்த 69 மையங்களில் 94 சதவீதம் அங்கேதான் இருந்தன. ஆகவே அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றித் தசையைச் செயலிழக்கச் செய்து, மின்தொடர்பைத் துண்டித்துவிடுகிறார்கள். இதுவரை சூட்டாலோ கடுங்குளிராலோ செய்தார்கள். சிக்கல் என்னவென்றால், இதயத்தின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் போகிறது. பக்கத்தில் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு. சூடும் குளிரும் இதயத் தசை எது, உணவுக்குழாய் எது என்று பார்ப்பதில்லை. மிக அரிதாக உணவுக்குழாயில் ஓட்டை விழுந்து நோயாளி இறந்துபோவதுண்டு.

நீங்கள் கேட்ட சூடு வைக்காத முறைதான் பல்ஸ்டு ஃபீல்ட் அப்லேஷன். மிகக் குறுகிய, உயர் மின்னழுத்தத் துடிப்புகளால் செல்லின் சவ்வில் நுண்துளைகள் போடுகிறார்கள். இதயத் தசைச் செல்கள் இதைத் தாங்காமல் இறந்துவிடும். அதே அளவை உணவுக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஃபாராபல்ஸ் கருவிக்கு ஐரோப்பாவில் 2021-இலும் அமெரிக்காவில் 2024 ஜனவரியிலும் அனுமதி கிடைத்தது. லேபில் பார்த்தால், கேதீட்டர் என்ற மெல்லிய குழாயின் முனை முதலில் கூடை வடிவத்திலும் பிறகு பூ வடிவத்திலும் விரிந்து சிரையின் வாயில் உட்காரும். ஒவ்வொரு முறை மின்துடிப்பு கொடுக்கும்போதும் மயக்கத்தில் இருக்கும் நோயாளியின் உடல் லேசாகத் தூக்கிப் போடும். சில நொடிகளில் அந்தச் சிரையிலிருந்து வந்துகொண்டிருந்த மின்கோடு திரையில் தட்டையாகிவிடும்.

எல்லோரும் தவறவிடுவது இங்கேதான். 2023-இல் வெளியான அட்வென்ட் ஆய்வில் 607 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்குப் புது முறையும் மீதிப் பேருக்குச் சூடு அல்லது குளிர் முறையும் செய்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வெற்றி 73.3 சதவீதம், 71.3 சதவீதம். அதாவது குணமாவதில் இரண்டும் ஒன்றுதான். லாபம் பாதுகாப்பில் இருக்கிறது. 17,642 நோயாளிகளின் விவரத்தைத் திரட்டிய மேனிஃபெஸ்ட் ஆய்வில் ஒருவருக்குக்கூட உணவுக்குழாய் ஓட்டை வரவில்லை, நிரந்தர நரம்புப் பாதிப்பும் இல்லை. ஆனால் புது முறை தனக்கே உரிய சிக்கல்களைக் கொண்டுவந்திருக்கிறது. மின்துடிப்புகள் அதிகமானால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இதயத்தின் ரத்தக் குழாய் திடீரென்று இறுகலாம். இவை அரிது, ஆனால் உண்மை. அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைச் சிகிச்சைக்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

எனவே புது முறை பக்கத்து மருத்துவமனையில் இருந்து, செலவும் கட்டுப்படியானால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், நூற்றுக்கணக்கில் செய்த கையால் செய்யப்படும் சூடு அல்லது குளிர் முறைக்கு நான் தயங்காமல் சம்மதிப்பேன். புது மெஷின் வரட்டும் என்று இரண்டு வருடம் தள்ளினால் இழப்பு அம்மாவுக்குத்தான், ஏனென்றால் ஏ.எஃப். நீடிக்க நீடிக்க மேல் அறை பெரிதாகி, தழும்பேறி, எந்த முறைக்கும் மசியாமல் போகும். ஐரோப்பாவில் 2,789 பேரை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஈஸ்ட் ஆய்வு, நோய் தெரிந்த ஒரு வருடத்துக்குள் சீரான துடிப்புக்குக் கொண்டுவர முயன்றவர்களுக்குப் பக்கவாதமும் இதயச் சிக்கல்களால் வரும் மரணமும் குறைந்ததைக் காட்டியது. அதில் பெரும்பாலானோருக்கு மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. ஆக, மாத்திரையில் தொடங்கி, அப்லேஷனை ஆற அமர யோசிக்க அம்மாவுக்கு அவகாசம் இருக்கிறது. அப்லேஷன் முடிந்த பிறகும் ரத்தம் உறையாத மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. அம்மாவின் எடை கூடுதலா என்று நீங்கள் எழுதவில்லை. கூடுதல் என்றால் இதைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2015-இல் வெளியான லெகசி ஆய்வில், எடையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ குறைத்துத் தக்கவைத்தவர்கள் ஏ.எஃப். இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகம். பிபியைக் கட்டுக்குள் வைப்பது, குறட்டையோடு மூச்சு நிற்கும் தொல்லை இருந்தால் அதைச் சரிசெய்வது, இவையும் இதோடு சேர்த்தி. அப்லேஷன் செய்தவர்களுக்கும் இது பொருந்தும்.

வாட்ச் விஷயம். அம்மாவின் வாட்ச் சரியாகவே பிடித்திருக்கிறது. ஆனால் அதன் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கையும் வேண்டாம், பயமும் வேண்டாம். ஆப்பிள் நிறுவனத்தின் இதய ஆய்வில் 4,19,297 பேர் சேர்ந்தார்கள். எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான். அவர்களில் பிறகு ஈ.சி.ஜி. பட்டை ஒட்டித் திருப்பி அனுப்பிய 450 பேரில், 34 சதவீதத்தினருக்கு அந்தப் பட்டையில் ஏ.எஃப். தெரிந்தது. விட்டு விட்டு வரும் நோய் என்பதால் மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. வாட்ச் பச்சை விளக்கால் தோலின் ரத்த ஓட்டத்தைப் பார்த்து ஊகிக்கிறது, உறுதி செய்ய ஈ.சி.ஜி.தான் வேண்டும். இன்னொரு பக்கம், டென்மார்க்கில் 6,004 முதியவர்களை வைத்து நடந்த லூப் ஆய்வில், தோலுக்கடியில் பதிவுக் கருவி வைத்தவர்களில் 31.8 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். கண்டுபிடிக்கப்பட்டது. வைக்காதவர்களில் 12.2 சதவீதம். அத்தனை பேரைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தும் பக்கவாதம் தெளிவாகச் சொல்லும்படி குறையவில்லை. அறிகுறியே இல்லாத வீட்டார் எல்லோருக்கும் வாட்ச் வாங்கிக் கட்டிவிட வேண்டுமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு அதனால் என் பதில், வேண்டாம் என்பதே. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் நாடியைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், தாறுமாறாக இருந்தால் ஈ.சி.ஜி. எடுங்கள். செயற்கை நுண்ணறிவு ஈ.சி.ஜி.யும் வந்துகொண்டிருக்கிறது. மேயோ கிளினிக் 2019-லேயே, சீராகத் தெரியும் ஈ.சி.ஜி.யிலிருந்து ஏ.எஃப். உள்ளவர்களை ஊகிக்க முடியும் என்று காட்டியது. அம்மாவுக்கு நோய் ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால் அது இப்போது தேவையில்லை.

மாமாவுக்கு பேஸ்மேக்கர் வைக்கும்வரை அவர் வண்டி ஓட்டக் கூடாது, தனியாக மாடி ஏறக் கூடாது, குளியலறைக் கதவை உள்ளே தாழிடக் கூடாது. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஏதாவது, மெட்டோபிரோலால், டில்டியாசெம் போன்றவை, ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். சில சமயம் பிளாக்கை மோசமாக்குவதே அந்த மாத்திரையாக இருக்கும். இன்னொரு முறை மயங்கினால் கொடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, கேத் லேப் இருக்கும் மருத்துவமனைக்கே நேராகக் கொண்டுபோங்கள்.